பிரிந்த பிறகும் ஓயாத பயம்: வாப்பா பிள்ளையைப் பார்க்கும் நாளை எப்படிப் பாதுகாப்பாக்குவது?

அடிக்கும் கணவனை விட்டுப் பிரிந்தால் பிரச்சினை முடிந்துவிடும் என்றுதான் ஊர் நினைக்கிறது. பிள்ளை இருக்கும் வீட்டில் அது அப்படி முடிவதில்லை. தலாக் பதியப்பட்டிருக்கும், அல்லது பஸஹ் கிடைத்திருக்கும். இத்தாவும் முடிந்திருக்கும். ஆனாலும் வெள்ளிக்கிழமை பின்னேரம் படலையடியில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். "என்ட புள்ளயப் பார்க்க வந்திருக்கன்" என்ற சொல்லுக்கு முன்னால் வீட்டாரும் அயலவரும் பேசாமல் நிற்பார்கள். பிள்ளையைப் பார்க்க வந்தவர் பிள்ளையிடம் ஐந்து நிமிடமும் தாயிடம் அரை மணித்தியாலமும் பேசிவிட்டுப் போவார். அந்தப் பேச்சு என்ன வகையானது என்பது உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த நிலையில் இருக்கும் தாய்மாருக்கும் அவர்களுக்குத் துணை நிற்கும் உறவினருக்குமாக எழுதப்பட்டது இக்கட்டுரை. வன்முறை செய்பவர் தாயாக இருந்து, தகப்பனிடம் பிள்ளை வளரும் குடும்பங்களுக்கும் இதில் சொல்லப்படும் சட்ட வழிகளில் பெரும்பாலானவை பொருந்தும். சாதாரணக் கருத்து வேறுபாட்டால் பிரிந்த கணவன் மனைவி பற்றி இங்கே பேசவில்லை. அவர்கள் இருவரும் உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம், தீர்க்கவும் வேண்டும். ஒருவர் மற்றவருக்குப் பயந்து வாழும் இடத்தில் அந்த வழி வேலை செய்யாது.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்களின் நலன் பற்றிய கணக்கெடுப்பின்படி, இலங்கையில் துணைவருடன் வாழ்ந்த பெண்களில் 20.4 சதவீதமானோர், அதாவது ஐவரில் ஒருவர், அத்துணைவரிடமிருந்து உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்துள்ளனர். ஆகவே இது எங்கோ ஒரு வீட்டின் கதையல்ல.

தூரம் இங்கே பாதுகாப்பாகாது

பிற நாடுகளின் ஆலோசனைக் கையேடுகள் முதலில் சொல்வது, முகவரியை மாற்றுங்கள், ஊரை மாற்றுங்கள் என்பதுதான். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நீளும் இந்தக் கரையில் அது பலருக்கு முடியாத காரியம்.

இங்கே பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுக்கப்படுகிறது. கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்கிறான். தாய்வழிக் குடிமுறையோடு சேர்ந்து வந்த இந்த வழக்கம் கிழக்குக் கரையின் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் உண்டு. பிரிவு வரும்போது இதனால் பெண்ணுக்கு ஒரு நன்மை கிடைக்கிறது. வெளியேற வேண்டியவர் ஆண்தான். உம்மாவும் ராத்தாவும் தங்கச்சியும் அதே வளவில் அல்லது அடுத்த வளவில் இருப்பார்கள்.

அதே வழக்கத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்த வீட்டின் ஒவ்வொரு கதவும், ஒவ்வொரு ஆளின் பழக்கமும் முன்னாள் கணவனுக்குத் தெரியும். வெளிநாட்டில் உழைத்த காசில் மேல்மாடி போட்டவர் என்றால், "நான் கட்டின வீடு" என்ற உரிமைப் பேச்சும் சேர்ந்து வரும். அவருடைய தாய் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கும். பாடசாலை, குர்ஆன் மத்ரஸா, டியூஷன் வகுப்பு எல்லாம் இருவருக்கும் பொதுவான பாதையில் இருக்கும்.

ஆகவே தூரத்தை நம்பி இங்கே பாதுகாப்பாக வாழ முடியாது. எழுத்தையும் சாட்சியையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது. என்றைக்கு, எத்தனை மணிக்கு, எங்கே, யார் முன்னிலையில் பிள்ளை தகப்பனைச் சந்திக்கும் என்பது ஒரு நீதிமன்றக் கட்டளையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த எழுத்து இல்லாத வரை ஒவ்வொரு சந்திப்பும் புதிய பேரம்தான்.

எந்த வாசலில் எதைக் கேட்பது?

இங்கேதான் பலர் வருடக்கணக்கில் அலைகிறார்கள். காதி நீதிமன்றத்திலேயே எல்லாம் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. உண்மையில் மூன்று காரியங்களுக்கு மூன்று வாசல்கள்.

முதலாவது, காதி நீதிமன்றம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் விவாகரத்து, மஹர், இத்தாக் காலச் செலவு, பிள்ளைத் தாபரிப்பு, கைக்கூலி போன்றவை காதியின் அதிகாரத்துக்குள் வருகின்றன. பிள்ளையின் கட்டுக்காப்பு, அதாவது பிள்ளை யாரிடம் வளர்வது, மற்றவர் எப்போது பார்ப்பது என்பது அந்த அதிகாரப் பட்டியலில் இல்லை. காதியார் நல்லெண்ணத்தோடு "ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் காட்டுங்கள்" என்று சொல்லலாம். அது இருவரும் மதித்தால் நடக்கும். ஒருவர் மீறினால் அதை நிறைவேற்றிக் கொடுக்கும் பலம் அந்த வாய்ச்சொல்லுக்கு இல்லை.

ஆனாலும் காதி நீதிமன்றத்தில் நடப்பது பின்னால் பயன்படும். துன்புறுத்தல் அச்சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி பஸஹுக்கான ஒரு காரணம். அங்கே நீங்கள் சொன்ன சாட்சியமும் தீர்ப்பும் அடுத்த நீதிமன்றத்தில் உதவும். காதியின் முன் சட்டத்தரணி தோன்ற முடியாது என்பதால், சொல்ல வேண்டியதை நாள், இடம், நடந்தது என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். முடிவில் அத்தாட்சிப்படுத்திய பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, நீதவான் நீதிமன்றம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இன, மத வேறுபாடின்றி எல்லோருக்கும் பொருந்தும். முன்னாள் கணவனும் அதற்குள் அடங்குவார். தலாக் நடந்துவிட்டது என்பதால் இந்தப் பாதுகாப்பு இல்லாமல் போவதில்லை. பிள்ளைக்காகப் பெற்றோரோ, பிள்ளை யாருடன் வசிக்கிறதோ அவரோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை அதிகாரமளித்த ஒருவரோ விண்ணப்பிக்கலாம். பொலிஸ் உத்தியோகத்தரும் உங்கள் சார்பில் விண்ணப்பிக்கலாம். உடல் வன்முறை மட்டுமல்ல, கடுமையான, தொடர்ச்சியான மனத் துன்புறுத்தலும் இச்சட்டத்தில் வன்முறைதான்.

அவசரமென நீதவான் கண்டால் 14 நாட்களுக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை பிறப்பிக்கலாம். விசாரணைக்குப் பின் 12 மாதங்கள் வரை பாதுகாப்புக் கட்டளை கிடைக்கலாம். வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் வரக்கூடாது, பின்தொடரக் கூடாது, எந்த வழியிலும் தொடர்புகொள்ளக் கூடாது என்று அதில் தடை விதிக்கலாம். கட்டளை மதிக்கப்படுகிறதா எனக் கண்காணிக்கச் சமூக சேவையாளர், நன்னடத்தை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் போன்றோரை நியமிக்கவும் சட்டம் இடமளிக்கிறது. கட்டளையை மீறுவது குற்றம். அதற்கு ஒரு வருடம் வரையான சிறை, அல்லது 10,000 ரூபாய் வரையான அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

பெரும்பாலானோர் இங்கே ஒரு விடயத்தைத் தவற விடுகிறார்கள். தாயை நெருங்கக் கூடாது என்று கட்டளை எடுத்துவிட்டு, பிள்ளையைப் பற்றி ஒன்றும் கேட்காமல் விடுகிறார்கள். பிறகு "பிள்ளையைப் பார்க்கத்தான் வந்தேன்" என்பதே கட்டளையைச் சுற்றிவரும் வழியாகிறது. விண்ணப்பத்திலேயே பிள்ளையின் பெயரையும் பாடசாலை, மத்ரஸா ஆகிய இடங்களையும் சேருங்கள். பிள்ளையைச் சந்திப்பதாயின் எந்த நிபந்தனையில் என்பதையும் கேளுங்கள்.

மூன்றாவது, மாவட்ட நீதிமன்றம். கட்டுக்காப்பும் பார்வையிடும் உரிமையும் நிலையாகத் தீர்மானிக்கப்படும் இடம் இதுதான். கல்முனையில் நீதவான் நீதிமன்றமும் மாவட்ட நீதிமன்றமும் மேல் நீதிமன்றமும் உள்ளன. பிள்ளையைப் பலவந்தமாக எடுத்துச் சென்று திருப்பித் தராவிட்டால், சட்டத்தரணி ஊடாக மாகாண மேல் நீதிமன்றத்திலோ மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம். வசதி குறைந்தவர்கள் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

மார்க்கமும் சட்டமும் எங்கே சந்திக்கின்றன?

முஸ்லிம் பிள்ளையின் கட்டுக்காப்பு வழக்கில் மாவட்ட நீதிமன்றம் முஸ்லிம் சட்டத்தையும் பார்க்கும், பிள்ளையின் நலனையும் பார்க்கும். இங்கே பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், சிறு பிள்ளையை வளர்க்கும் உரிமையான ஹழானாவில் முதலிடம் தாய்க்கு. தாய்க்குப் பின் தாயின் தாய் வருகிறார். ஏறத்தாழ ஏழு வயதில் பிள்ளைக்கு விவரம் தெரியும்போது அதன் விருப்பமும் கவனிக்கப்படும். தாய் பிள்ளைக்கு அந்நியரான ஒருவரை மறுமணம் செய்தால் அவருடைய உரிமை கேள்விக்குள்ளாகலாம். தகப்பன் வலியாகவும் செலவுக்குப் பொறுப்பானவராகவும் தொடர்கிறார்.

"ஏழு வயதானால் பிள்ளை எனக்கு" என்று மிரட்டும் ஆண்கள் இதில் பாதியை மட்டுமே சொல்கிறார்கள். பிள்ளையை வளர்ப்பவர் நம்பகமானவராக, பிள்ளைக்குத் தீங்கு செய்யாதவராக இருக்க வேண்டும் என்பதும் அதே பிக்ஹின் நிபந்தனைதான். பிள்ளையைக் காரணமாக வைத்துப் பெற்றோரில் எவரையும் வருத்தக் கூடாது என்பது சூரத்துல் பகராவின் 233ஆம் வசனத்தில் உள்ள கட்டளை. பள்ளிவாசல் நிருவாகத்தினரும் குடும்பப் பெரியவர்களும் சமரசம் பேச வரும்போது இதையும் நினைவூட்டலாம்.

1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயமும் இதே இடத்தில்தான் நிற்கிறது. அதன் 9ஆம் உறுப்புரை, தாய் தகப்பன் இருவருடனும் தொடர்பில் இருக்கும் உரிமையைப் பிள்ளைக்கே கொடுக்கிறது. பிள்ளையின் நலனுக்கு முரணானால் அது பொருந்தாது என்றும் அங்கேயே சொல்லியிருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் வழக்கில் பேசும் முறையே மாறும். "அவருக்குக் காட்ட மாட்டேன்" என்று சொல்வதைவிட, "இந்த நிபந்தனை இருந்தால் பிள்ளைக்குப் பயமில்லை" என்று சொல்வது நீதிபதியின் காதில் ஏறும்.

கட்டளையில் என்னென்ன இருக்க வேண்டும்?

"நியாயமான நேரங்களில் பிள்ளையைப் பார்க்கலாம்" என்ற பொதுவான வரி, வன்முறை நடந்த குடும்பத்துக்கு உதவாது. எது நியாயம் என்பதைப் பலமுள்ளவரே தீர்மானிப்பார். சட்டத்தரணியிடம் பின்வருவனவற்றை எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

நாளும் நேரமும்: தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரமும் இருக்க வேண்டும். எவ்வளவு நேரம் காத்திருந்து, வராவிட்டால் திரும்பலாம் என்பதும் இருக்க வேண்டும்.

பெருநாள்: நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், பாடசாலை விடுமுறை ஆகியவற்றைத் தனியாக எழுதுங்கள். சண்டை அதிகம் வருவது இந்த நாட்களில்தான்.

வெளிநாட்டிலிருந்து லீவில் வருதல்: தகப்பன் கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்தால், வரும் திகதியை முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பதையும் லீவு நாட்களில் எத்தனை சந்திப்பு என்பதையும் சேருங்கள்.

கைமாற்றும் இடம்: உங்கள் வீடும் வேண்டாம், அவருடைய வீடும் வேண்டாம். இருவரும் மதிக்கும் மூன்றாமவர் வீடு, அல்லது நீதிமன்றம் ஏற்கும் ஓர் அலுவலகம் பொருத்தமானது. பிள்ளையைக் கொடுப்பவரும் வாங்குபவரும் அந்த மூன்றாமவர்தான். தாயும் தகப்பனும் ஒரே நேரத்தில் அங்கே நிற்க வேண்டியதில்லை. ஒருவர் கால் மணித்தியாலம் முன்னதாக வந்து பிள்ளையை விட்டுவிட்டுப் போகலாம்.

மேற்பார்வை: பிள்ளைக்கே ஆபத்து உண்டென்றால், தனியாகச் சந்திக்க விடாமல் பொறுப்பான ஒருவர் முழு நேரமும் கூட இருக்க வேண்டும் என்று கேளுங்கள். பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இதற்கென்றே சந்திப்பு மையங்கள் உள்ளன. இலங்கையில் அப்படியொரு வலையமைப்பு இல்லாததால், யார் மேற்பார்வையாளர் என்பதைப் பெயரோடு முன்மொழிய வேண்டியிருக்கிறது. அவருக்குப் பயந்தவரைப் போடாதீர்கள். உங்கள் தம்பியைப் போட்டாலும் கைகலப்பு வரலாம்.

பயணம்: பிள்ளையை மாவட்டத்துக்கு வெளியேயோ நாட்டுக்கு வெளியேயோ கொண்டுபோக மற்றவரின் எழுத்துச் சம்மதம் அல்லது நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று கேளுங்கள். கடவுச்சீட்டு யாரிடம் இருக்கும் என்பதையும் எழுதுங்கள்.

பொது இடம் மட்டும் போதாது

"நாலு பேர் இருக்கிற இடத்தில் என்ன செய்யப் போகிறார்?" என்று ஊரில் சொல்வார்கள். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் லூக் பட்டி என்ற 11 வயதுச் சிறுவனின் தகப்பனுக்கு, விளையாட்டு நடக்கும் பொது இடத்தில் மட்டுமே மகனைப் பார்க்க அனுமதி இருந்தது. 2014 பெப்ரவரி 12ஆம் திகதி கிரிக்கெட் பயிற்சி முடிந்த மைதானத்தில் அவர் மகனைக் கொன்றார். தாய் ரோசி பட்டி அதன் பிறகு நாடெங்கும் பேசினார். 2015இல் அவர் அவ்வாண்டின் சிறந்த அவுஸ்திரேலியராகத் தெரிவானார். விக்டோரியா அரசு குடும்ப வன்முறை பற்றிய அரச ஆணைக்குழுவை அமைத்தது. அது 2016இல் 227 பரிந்துரைகளை முன்வைத்தது.

இங்கிலாந்தில் பெண்கள் உதவி அமைப்பொன்று 2016இல் வெளியிட்ட ஆய்வில், வன்முறை செய்த பெற்றோருடனான சந்திப்பு ஏற்பாடுகளின் பின்னணியில் 12 குடும்பங்களில் 19 பிள்ளைகள் கொல்லப்பட்டது பதிவாகியுள்ளது. இவை அரிதான சம்பவங்கள். எல்லோரையும் இப்படிப் பயப்பட வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. கூட்டம் இருப்பதும் பொறுப்பான ஓர் ஆள் கவனித்துக்கொண்டிருப்பதும் ஒன்றல்ல என்பதற்காகச் சொல்கிறோம்.

கொலை மிரட்டல், கழுத்தை நெரித்தல், ஆயுதம் காட்டுதல், "பிள்ளையையும் கொண்டு நானும் சாவேன்" என்ற பேச்சு ஆகியவற்றில் ஒன்று நடந்திருந்தாலும் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே பொலிஸில் முறைப்பாடு செய்து, நீதவானிடம் இடைக்காலக் கட்டளை கேளுங்கள்.

கட்டளை வரும் வரை

நாட்குறிப்பு ஒன்று வையுங்கள். திகதி, நேரம், நடந்தது, யார் பார்த்தார்கள் என்று நாலு வரி போதும். வசை வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள். காயம் இருந்தால் அரச வைத்தியசாலையில் காட்டி, எப்படி வந்தது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். பெரிய அரச வைத்தியசாலைகளில் "நட்பு நிலையம்" என்ற பெயரில் இதற்கான பிரிவுகள் இயங்குகின்றன. பொலிஸில் "குடும்பப் பிரச்சினை, பேசித் தீருங்கள்" என்று அனுப்பினாலும் முறைப்பாட்டைப் பதியச் சொல்லி அதன் இலக்கத்தை வாங்குங்கள்.

தொடர்புக்கு ஒரே வழியை வையுங்கள். வட்ஸ்அப் எழுத்து என்றால் எழுத்து மட்டும்தான். பிள்ளையின் சாப்பாடு, காய்ச்சல், பாடசாலை, சந்திப்பு நேரம் தவிர வேறெதற்கும் பதில் எழுத வேண்டாம். மிரட்டும் குரல்பதிவுகளை அழிக்காதீர்கள், பழைய கைபேசியை விற்காதீர்கள். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியச் சட்டத்தின்படி ஒலி, ஒளிப்பதிவுகளைச் சாட்சியமாக முன்வைக்கலாம். ஆனால் விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன் மற்றத் தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். ஆகவே சட்டத்தரணியிடம் முதல் சந்திப்பிலேயே அவற்றைக் காட்டுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர் ஐமோவில் இரவிரவாக அழைத்து, "கெமராவத் திருப்பு, வீட்டில யார் இருக்காங்க" என்று பிள்ளையைக் கொண்டு வேவு பார்ப்பதும் நடக்கிறது. அழைப்புக்கு நாளும் நேரமும் வையுங்கள். பிள்ளை ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசட்டும். பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும்.

பாடசாலை அதிபருக்கும் மத்ரஸா முஅல்லிமுக்கும் டியூஷன் ஆசிரியருக்கும் பிள்ளையை யார் கூட்டிச் செல்லலாம் என்பதை எழுத்தில் கொடுங்கள். கட்டளை இருந்தால் பிரதியும் கொடுங்கள். இல்லாவிட்டால் "வாப்பா வந்தார், அனுப்பினோம்" என்ற பதில்தான் கிடைக்கும்.

ஏற்கெனவே சந்திப்புக் கட்டளை இருந்தால் உங்கள் எண்ணத்துக்கு அதை நிறுத்தாதீர்கள். நிலைமை மாறியிருந்தால் நீதிமன்றத்துக்குத் திரும்பிப் போய் மாற்றக் கேளுங்கள். உடனடி ஆபத்து என்றால் அன்றே பொலிஸுக்கும் சட்டத்தரணிக்கும் அறிவித்து, ஏன் அனுப்பவில்லை என்பதைப் பதிந்து வையுங்கள்.

தாபரிப்பையும் சந்திப்பையும் ஒன்றோடொன்று கட்டாதீர்கள். பிள்ளையைக் காட்டாததால் காசு தர மாட்டேன் என்று தகப்பன் சொல்ல முடியாது. காசு தராததால் காட்ட மாட்டேன் என்ற தாயின் நிலைப்பாடும் நீதிமன்றத்தில் எடுபடாது. காதி கட்டளையிட்ட தாபரிப்பு நிலுவையை நீதவான் நீதிமன்றத்தின் ஊடாக அறவிட வழியுண்டு.

பிள்ளையோடு எப்படிப் பேசுவது?

அடித்த வாப்பாவையும் பிள்ளை தேடும். அது உம்மாவுக்குச் செய்யும் துரோகமல்ல. "உன்ட வாப்பா கெட்டவர்" என்று சொன்னால் பிள்ளை தன் பாசத்தை ஒளிக்கக் கற்றுக்கொள்ளும், பிறகு தன் பயத்தையும் ஒளிக்கும். "பெரியவங்கட பிரச்சினய பெரியவங்க பார்த்துக்கொள்வோம், நீ பயப்படத் தேவையில்ல" என்பது போதும்.

சந்தித்துவிட்டு வந்த பிள்ளையை விசாரணை செய்யாதீர்கள். சாப்பிட்டுக் குளித்து விளையாடட்டும். தானாகச் சொன்னால் கேளுங்கள், சொன்ன சொல்லை அப்படியே குறித்துவையுங்கள். தூக்கத்தில் அழுதல், படுக்கையில் சிறுநீர் கழித்தல், சந்திப்பு நாளில் வயிற்றுவலி, பாடத்தில் திடீர் வீழ்ச்சி ஆகியவை தொடர்ந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். அவர்களின் குறிப்பு நீதிமன்றத்திலும் உதவும்.

மாற வேண்டியது

இந்தியாவின் குடும்ப வன்முறைச் சட்டமும் 2005இல்தான் வந்தது. அதன் 21ஆம் பிரிவு, சந்திப்பு பிள்ளையின் நலனுக்குக் கேடாகும் என நீதவான் கருதினால் அதை மறுக்க வேண்டும் என்று நேரடியாகச் சொல்கிறது. பாதுகாப்பு கேட்கப்போகும் அதே இடத்தில் பிள்ளையின் தற்காலிகக் கட்டுக்காப்பையும் கேட்கலாம். இங்கே ஒரு தாய் அதற்கு இரண்டு நீதிமன்றங்கள் ஏற வேண்டும், விவாகரத்தைச் சேர்த்தால் மூன்று.

முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத் திருத்தம் பற்றி ஆராய 2009இல் நியமிக்கப்பட்ட, நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையிலான குழு தன் அறிக்கையை 2018இல்தான் கையளித்தது. திருமண வயது, பலதார மணம், பெண் காதி என்று விவாதம் நீண்டது. பிரிந்த பின் பிள்ளை எந்த நிபந்தனையில் யாரைச் சந்திக்கும் என்பது அந்தச் சத்தத்தில் அதிகம் கேட்கவில்லை.

சட்டம் மாறும் வரை காத்திருக்காமல் செய்யக்கூடியவையும் உண்டு. பஸஹ் வழக்கில் வன்முறை தெரியவந்தால், பிள்ளை விடயத்துக்கு மாவட்ட நீதிமன்றம் செல்லுமாறு காதியார் அந்தத் தாயிடம் தெளிவாகச் சொல்லலாம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஓர் அறையையும் ஓர் உத்தியோகத்தரையும் சந்திப்புக்காக ஒதுக்குவது பிரதேச செயலகத்துக்குப் பெரிய செலவல்ல. சமரசம் பேசும் பெரியவர்கள் "பொறுத்துப் போ மகள்" என்பதற்கு முன் கைமாற்றும் இடத்தில் தாங்களே நிற்க முன்வரலாம்.

அவசரத்துக்குப் பொலிஸ் 119. பிள்ளைக்கு ஆபத்தென்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இவற்றைப் பிள்ளையின் கொப்பியின் பின் அட்டையிலும் எழுதி வையுங்கள்.